கங்காரு கொடுத்த பட்டப்பெயர்

நம்மூரில் ‘ஸ்கிப்’ என்றால் யூடியூப் விளம்பரத்தைத் தள்ளிவிடுவது. முந்தைய தலைமுறைக்குக் கயிறு தாண்டுவது. சிட்னியிலும் மெல்பர்னிலும் கிரேக்க, இத்தாலிய, லெபனான் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஆளைக் குறிக்கும் சொல். பிரிட்டிஷ், ஐரிஷ் வழிவந்த வெள்ளை ஆஸ்திரேலியர்தான் ‘ஸ்கிப்’. (வீடு இடிக்கும்போது வாசலில் வந்து நிற்கும் பெரிய குப்பைத்தொட்டிக்கும் அங்கே இதே பெயர்தான். அது கூடையைக் குறித்த வேறொரு பழஞ்சொல்லின் வழி, உறவில்லை.)

தாண்டுதல் மனிதராக மாறியதற்கு நடுவில் ஒரு கங்காரு இருக்கிறது. 1968இல் நைன் தொலைக்காட்சியில் ‘ஸ்கிப்பி த புஷ் கங்காரு’ தொடங்கியது. சிட்னிக்கு வடக்கே டஃபிஸ் ஃபாரஸ்ட்டில் எடுத்தார்கள். மொத்தம் 91 பகுதிகள். வனக்காவலர் மகன் சன்னிக்கு ஸ்கிப்பிதான் கூட்டாளி. அது ‘ச்ச்ச் ச்ச்ச்’ என்றால் போதும், யாரோ ஆபத்தில் கிடக்கிறார்கள் என்று பையனுக்கு விளங்கிவிடும். பொருட்களை எடுக்கும், கதவு திறக்கும். கிட்டக் காட்டும்போது தெரிபவை நிஜக் கைகள் அல்ல, ஆள் மறைந்திருந்து ஆட்டிய பொய்க்கைகள். விலங்குகள் நடிக்கும் இராம நாராயணன் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஆச்சரியமே இல்லை.

பள்ளிக்கூடத்தில் குடியேறிகளின் பிள்ளைகள்மேல் விழுந்த வசை ‘வாக்’. ஆஸ்திரேலியப் பேச்சில் சளி, வயிற்றுப்போக்கு தரும் கிருமிக்கும் அதே சொல் உண்டு. திருப்பித் திட்டத் தோதான வசை கைவசம் இல்லாத பிள்ளைகள், டிவியில் துள்ளிய கங்காருவைப் பிடித்து எதிராளிகளின் தலையில் கட்டினார்கள். ஸ்கிப்பி தேய்ந்து ஸ்கிப் ஆயிற்று.

1987இல் நிக் ஜியானோபுலோஸும் நண்பர்களும் மெல்பர்னில் ‘வாக்ஸ் அவுட் ஆஃப் ஒர்க்’ என்று நாடகம் போட்டு, வசையையே விளம்பரப் பலகையில் ஏற்றினார்கள். அதே கூட்டம் 1989 முதல் 1992 வரை செவன் தொலைக்காட்சியில் நடத்திய ‘அக்ரோபொலிஸ் நவ்’, ஒரு கிரேக்கக் காபிக்கடைக் கதை. பள்ளி மைதானத்துச் சொல்லான ஸ்கிப்பை வீட்டுக்கூடம்வரை கொண்டுவந்தது அந்தத் தொடர்தான்.

இரண்டு வசையும் சரிக்குச் சரி என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ‘வாக்’ என்று அழைக்கப்பட்டவன் அந்நியன் ஆனான். ‘ஸ்கிப்’ என்று அழைக்கப்பட்டவன் எதையும் இழக்கவில்லை. திட்டியபோதும் பிள்ளைகள் அவனுக்குக் கொடுத்தது நாடே செல்லம் கொஞ்சிய விலங்கின் பெயரை. 1788இல் கப்பலில் வந்திறங்கியவர்களின் வழித்தோன்றலை மண்ணின் மைந்தன் என்று ஒப்புக்கொண்ட கணக்குத்தான் அது. கங்காருவுக்குப் பெயர் வைத்த கூகு யிமிதிர் மக்களோ, சிட்னி மண்ணின் பூர்வகுடிகளோ அந்த மைதானச் சண்டையில் எந்தக் கட்சியிலும் இல்லை.