பழந்திரைப்படங்களும் இரசிகர் கூற்றும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்த் திரைப்படத்தைப் பற்றிப் பேசாத தமிழர் அரியர். தேநீர்க் கடையிலும் பேருந்திலும் திருமணப் பந்தலிலும் 'அந்தக் காலத்துப் படம்' பற்றிய பேச்சு எழுந்தவண்ணமே உள்ளது. பாகவதரின் குரலுக்கு ஈடில்லை என்பார் ஒருவர், சிவாஜியின் நடிப்பு மிகையானது என்பார் மற்றொருவர், எம்.ஜி.ஆர். படத்துக்குக் கதை எதற்கு என வினவுவார் மூன்றாமவர். கற்றறிந்தோர் பலர் இப்பேச்சை வெறும் பொழுதுபோக்கெனக் கருதி ஒதுக்கிவந்துள்ளனர். ஆயின், தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வாறு ஒதுக்கிவிட்டு நெடுந்தூரம் செல்ல இயலாது. அவர்களுக்கு வேண்டிய முதன்மைச் சான்றுகளான படங்களே பெருமளவில் அழிந்துவிட்டமை இதற்குக் காரணமாகும்.

இலக்கிய வரலாற்று மாணவனுக்கு ஏடு கிடைக்கின்றது. கட்டட வரலாற்று மாணவனுக்குக் கல் கிடைக்கின்றது. திரைப்பட வரலாற்று மாணவனின் நிலை வேறானது. நடராஜ முதலியார் சென்னையில் உருவாக்கிய 'கீசகவதம்' தென்னிந்தியாவின் முதற் கதைப்படமாகப் போற்றப்படுவது. அதன் பிரதி எதுவும் இன்றில்லை. தென்னிந்திய மௌனப்படங்களுள் பெரும்பாலும் முழுமையாக எஞ்சியிருப்பதாகச் சுட்டப்படுவது 1933இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா' ஆகும். அதுவும் பதிப்புரிமை வழக்கினால் திரையிடலினின்றும் நிறுத்தப்பட்டு ஒதுங்கிக் கிடந்த படமாகும். 1931 ஒக்டோபரில் வெளியான முதலாவது தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' கூட நமக்குக் கிடைக்கவில்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. ஓடி முடிந்த படத்தைப் பேணுவதில் எவருக்கும் வருவாய் இல்லை. சுருளிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்பதிலோ வருவாய் இருந்தது. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பூனாவில் நிறுவப்பட்டது 1964இலேயே என்பதை நோக்குமிடத்து, இழப்பின் அளவை உணர்ந்துகொள்ளலாம்.

படம் அழிந்தபின் எஞ்சுவன யாவை? பத்திரிகை விளம்பரங்கள், மதிப்புரைகள், இசைத்தட்டுகள், பாட்டுப் புத்தகங்கள் என்பனவாம். இவற்றுட் பாட்டுப் புத்தகம் தனித்து நோக்கற்பாலது. திரையரங்கு வாயிலில் மலிவு விலைக்கு விற்கப்பட்ட இச்சிறு நூல்களில் நடிகர் பட்டியல், பாடல்கள், கதைச்சுருக்கம் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் உரையாட, நாயகன் தெலுங்கில் உரையாடினார் என்பதும், கதையோடு தொடர்பற்ற தியாகராசர் கீர்த்தனைகளும் தேசியப் பாடல்களும் அதிற் பாடப்பட்டன என்பதும் இத்தகைய எச்சங்களின் துணைகொண்டே அறியப்பட்டன. ஆயினும் இந்நூல்களில் ஒரு குறைபாடு உண்டு. கதையை ஆவல் எழும் கட்டம்வரை கூறிவிட்டு, 'மிகுதியை வெள்ளித்திரையில் காண்க' என முடித்துவிடுவது அவற்றின் மரபாகும். வெள்ளித்திரையிற் காண்பதற்குப் படமே இல்லாதபோது அம்மிகுதியை யாரிடம் வினவுவது? அன்று அரங்கில் இருந்த இரசிகனிடமே வினவ வேண்டும். இரசிகனின் நினைவு வரலாற்றுச் சான்றாகும் இடம் இதுவேயாம்.

சான்று என ஏற்றுக்கொண்டவுடன் அதனை நிறுத்துப் பார்க்கும் கடப்பாடும் நமக்கு உண்டாகின்றது. இரசிகர் கூற்று இருவகைச் செய்தியைத் தருவது. ஒன்று படம் பற்றியது. மற்றையது கூறுபவரின் காலம் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவிடத்துப் பிழை நேரும். 'ஹரிதாஸ்' (1944) சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது இரசிகர் நாவில் மறையாத கூற்று. அதே ஆண்டின் இறுதியில் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதர் கைதானார். நாயகர் சிறையிலிருக்கப் படம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. 1947இல் அவர் விடுதலையடைந்தார். 1948இல் வெளியான 'ராஜமுக்தி' வெற்றிபெறவில்லை. இதனை விதியின் விளையாட்டு என்பர் பழைய இரசிகர். வரலாற்று நோக்கிற்கு இவ்விளக்கம் போதாது. பாடல்களின் எண்ணிக்கை குறைந்து, வசனம் மேலோங்கி, 'வேலைக்காரி' (1949), 'பராசக்தி' (1952) போன்ற படங்களுக்கு வழி திறக்கப்பட்ட காலம் அது. ஒரு மனிதரின் வீழ்ச்சியாக இரசிகர் நினைவில் நின்றது, ஒரு கலைமுறையின் மாற்றமும் ஆகும். இரசிகரின் துயரம் மெய்யானதே. அதற்கு அவர் கூறும் காரணமே ஆய்வுக்குரியது.

'அந்த நாள்' (1954) இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். தயாரித்த இப்படத்திற் பாடல் இல்லை, நடனமும் இல்லை. சென்னை மீது யப்பானியர் குண்டு வீசிய 1943 ஒக்டோபர் நாளைக் களமாகக் கொண்டு, ஒரு கொலையைப் பலர் வாயிலாக விளக்கிச் செல்வது அது. அரச விருதுக் குழு அதற்கு நற்சான்றிதழ் வழங்கியது. பொதுமக்களோ அதனை ஏற்கவில்லை. அதே ஆண்டில் எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' பெருவெற்றி ஈட்டியது. இன்று பழந்திரைப்படங்களை விதந்து பேசும் இரசிகர் எவரும் 'அந்த நாள்' படத்தை விட்டுவைப்பதில்லை. படம் மாறவில்லை, பார்ப்போர் மாறினர். செந்நெறிப் படம் என்னும் தகுதி படைப்பினுள் ஒருமுறை பொறிக்கப்பட்டு என்றும் நிலைப்பதன்று. தலைமுறைதோறும் இரசிகரால் மீள வழங்கப்படுவது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

நடிகர் பற்றிய கூற்றுகளையும் இவ்வகையிலேயே நோக்குதல் வேண்டும். எம்.ஜி.ஆரா சிவாஜியா என்னும் வாதம் நடிப்புத்திறன் பற்றியது போலத் தோன்றினும், உண்மையில் அதனினும் விரிவானது. தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்கு திரைப்பட அரங்கே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சாதிப்படிநிலையன்று, நுழைவுச்சீட்டின் விலையே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியான தமது ஆய்விற் சுட்டிக்காட்டியுள்ளார். அவ்வரங்கில் தரையிலமர்ந்து 'நாடோடி மன்னன்' (1958) பார்த்தவரும், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) வசனத்தை மனனஞ் செய்தவரும், தாம் எத்தகைய மனிதராக வாழ விரும்பினர் என்பதையே தம் நாயகன் வாயிலாக மொழிந்தனர். 1977இல் எம்.ஜி.ஆர். தமிழக முதலமைச்சரானமையை விளக்க முற்படுவோர், 1950களின் இரசிகர் பேச்சைக் கேளாது அதனை விளக்க முடியாது.

ஈழத்தவராகிய நமக்கு இவ்விடயம் இன்னும் அண்மையானது. 1962இல் 'சமுதாயம்', 1963இல் 'தோட்டக்காரி' எனத் தொடங்கிய இலங்கைத் தமிழ்த் திரைப்படம் தென்னிந்தியப் படங்களின் போட்டியிடையே மெலிந்து வளர்ந்தது. 1983 யூலை வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டது. படச்சுருள்கள் பலவும் அதனோடு அழிந்தன. தர்மசேன பத்திராஜ இயக்கிக் காவலூர் இராசதுரை எழுதிய 'பொன்மணி' (1977) யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் நேர்நின்று நோக்கிய படமாகும். வெளிவந்த காலத்தில் அரங்குகளில் அது வரவேற்பைப் பெறவில்லை. பின்னரே திறனாய்வாளர் அதன் அருமையை எடுத்துரைத்தனர். அன்று அதனைப் பார்த்தவர்கள் ஏன் விரும்பவில்லை? பாடலும் சண்டையும் வேண்டினரா? தம் வீட்டையே திரையிற் கண்டு கூசினரா? இவ்வினாவுக்கான விடை எந்தப் பெட்டகத்திலும் இல்லை. அரங்கிலிருந்தோர் நினைவில் மட்டுமே உள்ளது. தம்பிஐயா தேவதாஸ் எழுதிய 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' போன்ற முயற்சிகள் இன்றேல், நாம் அறிந்துள்ள சிறு அளவும் அறியப்படாது போயிருக்கும்.

'காளிதாஸ்' படத்தைக் கண்ட தலைமுறை மறைந்துவிட்டது. 1944இல் பதினைந்து வயதில் 'ஹரிதாஸ்' பார்த்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவராவார். 'தோட்டக்காரி' பார்த்த இளைஞரும் முதுமையெய்திவிட்டனர். நாட்டார் பாடல்களைத் தொகுப்பதற்கு நம் பல்கலைக்கழகங்களிற் காட்டப்பட்ட ஊக்கம், திரைப்பட இரசிகரின் நினைவுகளைத் தொகுப்பதிலும் காட்டப்படல் வேண்டும். எந்த அரங்கு, எந்த ஆண்டு, எவரோடு சென்றார், எவ்விடத்தில் அரங்கு ஆர்ப்பரித்தது, எவ்விடத்தில் எழுந்து சென்றனர் என்பனவற்றைக் கேட்டுப் பதிவு செய்தலும், பதிவு செய்தவற்றைப் பாட்டுப் புத்தகத்தோடும் பத்திரிகையோடும் ஒப்புநோக்குதலும் மாணவர் குழுவொன்றினால் இயலாத செயல்களல்ல. திண்ணைப் பேச்சென்று நாம் தள்ளிவைத்தது பேசுவோரோடு மறையுமாயின், எஞ்சப்போவது முடிவு கூறாத கதைச்சுருக்கம் மட்டுமே.