பேராதனையிலிருந்து புறப்பட்ட ஆசிரியர்கள்

வெளிநாடொன்றில் ஆசிரியப் பணி கிடைத்துப் புறப்படும் ஒருவருக்குப் பிரியாவிடை விருந்து வைப்பதும், அதனைப் படத்துடன் பத்திரிகையில் வெளியிடுவதும் இலங்கைத் தமிழர் வாழ்வில் நெடுங்கால வழக்கம். நான் பத்திரிகைப் பணியில் இருந்த ஆண்டுகளில் இத்தகைய செய்திகள் அடிக்கடி என் மேசைக்கு வந்திருக்கின்றன. மாலை, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் அவற்றில் இருக்கும். புறப்பட்டவர் விட்டுச்சென்ற வகுப்பில் அடுத்த திங்கட்கிழமை பாடம் எடுத்தவர் யார் என்பது மட்டும் இராது. அந்த விடுபட்ட செய்தியைப் பற்றியதே இப்பதிவு. களம் கண்டியும், அதனை அடுத்துள்ள பேராதனையும்.

கடல் கடந்து ஆசிரியர்கள் வந்து சேர்ந்த ஊராகவே கண்டி முதலில் அறியப்பட்டது. கண்டி திரினிட்டி கல்லூரிக்கு 1904இல் அதிபராக வந்த ஏ.ஜி. பிரேசர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்தவர்; அதற்கு முன்பு உகண்டாவில் மிசனரியாகப் பணியாற்றியவர். ஆங்கிலம் மட்டுமே கல்வி என்று கருதப்பட்ட அக்காலத்தில், சிங்களமும் தமிழும் அறியாத மாணவன் தன் மக்களுக்குப் பயன்பட மாட்டான் என்ற கொள்கையுடன் தாய்மொழிப் பாடங்களுக்கு இடமளித்தார். 1924இல் கண்டியை விட்டு மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டுக்குச் (இன்றைய கானா) சென்று, அச்சிமோட்டா கல்லூரியின் முதல் அதிபரானார். ஓர் ஆசிரியர் நாடு மாறும்போது அவரோடு ஓர் அனுபவமும் கடல் கடக்கிறது என்பதற்கு அவர் நல்ல சான்று.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயரத் தொடங்கியது. ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலி கங்கைக் கரையில் எழுந்த அந்த வளாகம், முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் கனவு. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மண்டபத்தில் விரிவுரை கேட்ட இடம் அது. அங்கு கற்பித்த பலர், பின்னர் உலகின் வெவ்வேறு மூலைகளில் பேராசிரியர்களாக அறியப்பட்டனர். அவர்களுள் மூவரை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலாமவர் தனிநாயகம் அடிகள். 1913இல் யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர். உரோமாபுரியில் இறையியல் கற்றவர். அவரது முதல் ஆசிரியப் பணியே கடலுக்கு அப்பால்தான். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் அவர் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆய்வு செய்தார். கற்பிக்கப் போன இடத்தில் மாணவராகும் பேறு எல்லா ஆசிரியருக்கும் வாய்ப்பதில்லை.

1952இல் தாயகம் திரும்பி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறையில் விரிவுரையாளரானார். 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. தமிழின் மொழியுரிமைக்காக அவர் எழுதினார், பேசினார். 1961இல் அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். அதே ஆண்டில் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைவராகக் கோலாலம்பூர் சென்றார்.

அவர் சென்று சேர்ந்த துறையின் கதையும் அறியத்தக்கது. அத்துறையில் தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று 1950களில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' வாதாடியது. தமிழ் நூலகத்துக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதி திரட்டப்பட்டது. எளிய உழைப்பாளிகளும் அதற்குக் காசு தந்தனர். மலாயாத் தமிழர் வியர்வையில் அமைந்த அந்த மேடையை அடிகளார் வீணாக்கவில்லை. 1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே நடத்திக் காட்டினார். 1679இல் அச்சான புரொயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகப் படியிலிருந்து மறுபதிப்பாக வெளியிட்டதும் அதே 1966இல்தான்.

இரண்டாமவர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா. 1929இல் பிறந்தவர். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1955 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார். கண்டிக்கு அருகே பாததும்பறைக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய்ந்து, என்.கே. சர்க்காருடன் இணைந்து 1957இல் அவர் வெளியிட்ட 'சிதைந்துவரும் கிராமம்' என்ற பொருளுடைய ஆங்கில அறிக்கை, நிலமற்ற சிங்கள உழவரின் துயரைப் பேசியது. அதனை எழுதிய இருவருள் ஒருவர் தமிழர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1956 சூனில் மாணவர்களுடன் கல்லோயாக் குடியேற்றப் பகுதிக்கு ஆய்வுக்குச் சென்றிருந்த வேளையில், அங்கு தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. 1958இல் நாடு முழுவதும் மீண்டும் கலவரம். 1960இல் யுனெஸ்கோ பணியில் தாய்லாந்து சென்றவர், பிறகு கேம்பிரிட்ஜ், சிகாகோ, ஹார்வர்ட் எனக் கற்பித்து, தாய்லாந்துப் பௌத்தம் பற்றிய ஆய்வில் உலகறிந்த மானிடவியலாளராக 2014இல் மறைந்தார். இலங்கையை அவர் மறக்கவில்லை; 1986இலும் 1992இலும் இலங்கையின் இனப்பகை பற்றி நூல்கள் எழுதினார். பாததும்பறை உழவருக்காக எழுதிய அவரைத் தாய்நாட்டில் பலர் பகைவராகவே பார்த்தனர்.

மூன்றாமவர் அ. ஜெயரத்தினம் வில்சன். பேராதனையில் அரசியல் விஞ்ஞானத்தின் முதல் பேராசிரியர். தந்தை செல்வாவின் மருமகன். 1972இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அதே ஆண்டில்தான் புதிய குடியரசு அரசியலமைப்பு சிறுபான்மையினருக்கான பழைய காப்பீட்டை நீக்கியது. அதற்குச் சற்று முன்பு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் வந்திருந்தது. 1978க்குப் பின் சில ஆண்டுகள் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவுக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் இடையில் இணக்கம் காண அவர் முயன்றார். 1983 அம்முயற்சியை முடித்துவைத்தது. 1988இல் அவர் எழுதிய நூல் இலங்கையின் பிளவைப் பற்றியது. 2000இல் கனடாவிலேயே மறைந்தார்.

1956, 1958, 1961, 1972 ஆகிய ஆண்டுகளைத் தனியே எழுதிப் பார்த்தால், நாட்டின் அரசியல் வரலாறும் ஆசிரியர்களின் பயண வரலாறும் அருகருகே ஓடுவது தெரியும். அரசியல் மட்டுமே அவர்களை வெளியே தள்ளியது என்று சொல்வது முழு உண்மையாகாது. ஆய்வு வசதி, நூலகம், ஊதியம், பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் கணக்கில் உண்டு. சிங்களவரான கணநாத் ஒபயசேகரவும் பேராதனையிலிருந்து அமெரிக்கா சென்றவர்தான். ஆனால், விரும்பிப் போகிறவர் திரும்பி வரும் வழியைத் திறந்தே வைத்துப் போகிறார். 1983 மே மாதத்தில் பேராதனை வளாகத்திலேயே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டனர். சூலையில் நாடே எரிந்தது. அதன்பின் அந்த வழி பலருக்கு அடைபட்டது.

போகாமல் இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவர்களைக் கொண்டே மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை நவீன மேடைக்கு ஏற்றினார். 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தும் பொறுப்பு அவர் தோளில்தான் விழுந்தது. கோலாலம்பூரில் அடிகளார் தொடங்கிய பணியை, இங்கேயே தங்கிய ஓர் ஆசிரியர் இந்த மண்ணில் ஏற்று நடத்தினார். மாநாட்டின் இறுதி நாளில், சனவரி 10ஆம் திகதி, பொலிசார் நடத்திய தாக்குதலைத் தொடர்ந்து ஒன்பது பேர் உயிரிழந்தது அதன் மாறாத வடு.

பல்கலைக்கழகத்தோடு இக்கதை நிற்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் எண்ணெய் வளத்தால் செழித்த நைஜீரியாவும், சாம்பியா போன்ற பிற ஆப்பிரிக்க நாடுகளும் ஆசிரியர்களைத் தேடியபோது, இலங்கையின் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் பலர் அங்கு சென்றனர். அதே காலத்தில் கண்டியைச் சூழ்ந்த தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றுக்கொண்டிருந்தது. ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, பல வகுப்புகள் என்ற நிலையில் இருந்த பள்ளிகள் அவை. கடல் கடந்த ஆசிரியரால் அவர் குடும்பம் கரையேறியது. அங்குள்ள மாணவர் பயன்பெற்றனர். தோட்டத்துப் பிள்ளை கணித ஆசிரியருக்காகக் காத்திருந்தது. இம்மூன்றும் ஒருசேர உண்மை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் மீண்டும் பெருமளவில் வெளியேறியபோதும் கணக்கு இதுவாகவே இருந்தது.

புறப்படுகிறவரைக் குறை கூறுவது அறமாகாது. தனிநாயகம் அடிகள் கோலாலம்பூர் சென்றிராவிட்டால் முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் நடந்திருக்குமா என்பது ஐயமே. அவர் ஓய்வுபெற்றபின் இலங்கை திரும்பி, 1980 செப்டெம்பர் 1ஆம் நாள் இந்த மண்ணிலேயே கண்மூடினார். தம்பையாவுக்கும் வில்சனுக்கும் அது வாய்க்கவில்லை. ஒரு நாடு தன் ஆசிரியர்களைக் கட்டிப்போட முடியாது. ஆனால் அவர்கள் அச்சமின்றித் திரும்பி வரவும், வந்து தம் மொழியில் ஒரு வகுப்பை நடத்தவும் இடம் வைத்திருக்க முடியும். பேராதனையின் வரலாறு நமக்குச் சொல்லித் தரும் பாடம் இதுவே.