சாப்பாவும் வாக்குச்சீட்டும்

கொச்சியில் தோப்பும்படியின் பழைய பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் மட்டாஞ்சேரிக் கரை, மறுபக்கம் வில்லிங்டன் தீவு. காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி, ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் எழுப்பிய தீவு அது. கொச்சித் துறைமுகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பிரிஸ்டோவில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுவது வழக்கம். மூட்டை சுமந்தவர்களின் கதை ஒரு செப்பு வில்லையில் தொடங்குகிறது. அதன் பெயர் சாப்பா.

அந்தக் காலத்தில் சாப்பா கையில் இருந்தால் அன்றைக்குக் கப்பலில் வேலை உண்டு. இல்லையென்றால் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். வேலைக்கு ஆள் எடுக்கும் மூப்பன் வில்லைகளோடு வருவார். வேலைக்குத் தேவைப்படுகிறவர்கள் கொஞ்சம், வந்து நிற்பவர்கள் பல மடங்கு. வேண்டியவர்களுக்குக் கையில் கொடுப்பார், மிச்சத்தைக் கூட்டத்துக்குள் வீசி எறிவார். அப்புறம் மண்ணில் துழாவலும் மிதிபடலும்தான். ஒருவன் விரல்மேல் இன்னொருவன் குதிகால். வில்லை கிடைத்தவன் எழுந்து மூட்டை தூக்கப் போவான்.

1951 இறுதியிலும் 1952 தொடக்கத்திலுமாக நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இதே ஆட்கள் வாக்களித்தார்கள். அந்தத் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பிடித்தவரின் சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும், எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சீட்டை யாரும் கூட்டத்துக்குள் வீசவில்லை. வரிசையில் நின்றவன் கையில் கொடுத்தார்கள். மூப்பனுக்கும் ஒன்று, முதலாளிக்கும் ஒன்று, சுமைதூக்கிக்கும் ஒன்று. மறுநாள் விடியலில் அவன் மறுபடியும் சாப்பாவுக்காக மண்ணில் துழாவினான்.

1953-இல் சாப்பா முறையை எதிர்த்து மட்டாஞ்சேரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. தொழிலாளர்கள் சைது, சைதாலவி இருவரும் இறந்தார்கள். காவலில் வதைபட்ட ஆண்டனி பின்னர் உயிர்விட்டார். மட்டாஞ்சேரியின் பெயர் சொல்லும் முழக்கம் கேரளத் தொழிலாளர் ஊர்வலங்களில் இன்றும் கேட்கும்.

சுட்டது வெள்ளைக்காரன் போலீஸும் இல்லை, மகாராஜா போலீஸும் இல்லை. மக்கள் வாக்களித்து அமைந்த ஏ.ஜே. ஜானின் காங்கிரஸ் அரசு. அந்த அரசும் அதே மாதத்தில் கவிழ்ந்தது. ஆனால் மட்டாஞ்சேரிக்காக இல்லை. பெரும்பான்மைக்குத் தோள்கொடுத்திருந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் பகுதிகளைப் பிரிக்கும் பிரச்சினையில் கையை விலக்கிக்கொண்டது. மூன்று உயிர்கள் போனதால் சட்டமன்றக் கணக்கில் ஒன்றும் குறையவில்லை. சில தமிழ் உறுப்பினர்கள் இடம் மாறி உட்கார்ந்ததும் ஆட்சி போயிற்று.

அடுத்த துப்பாக்கிச் சூட்டுக்கு ஓராண்டுகூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1954 தேர்தலில் 117 இடங்களில் வெறும் 19-ஐ வென்ற பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, காங்கிரஸின் தயவில் ஆட்சிக்கு வந்தது. முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை. தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் தென்திருவிதாங்கூர்த் தமிழர்கள் போராடிக்கொண்டிருந்த நேரம். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் தமிழர்கள் செத்து விழுந்தார்கள். அந்த ரத்தக்கறை குமரி மாவட்டத்தின் நினைவில் இன்னும் காயவில்லை.

இங்கே ஓர் அதிசயம் நடந்தது. அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது அலகாபாத் நைனி சிறையில் இருந்தார். நிராயுதபாணிகளைச் சுட்ட அரசு தன் கட்சி அரசாகவே இருந்தாலும் பதவி விலக வேண்டும், விசாரணை நடக்க வேண்டும் என்று அங்கிருந்தே கேட்டார். பட்டம் அசையவில்லை, கட்சியும் பட்டத்தின் பக்கமே நின்றது. லோகியாதான் பொறுப்பை விட்டு இறங்கினார். சொந்தக் கட்சியின் முதல் மாநில அரசையே காவுகொடுக்கச் சொன்ன பொதுச்செயலாளர் இந்திய அரசியலில் இன்னொருவர் உண்டா? தேடினாலும் அகப்பட மாட்டார்.

1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் எல்லைகள் மாறிப் புதிதாய் அமைந்த கேரளத்தின் முதல்வரானார். 126 இடங்களில் கம்யூனிஸ்டுகளுக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் 5. தொழிலாளர் தகராறில் முதலாளிக்காகப் போலீஸ் தலையிடாது என்பது அந்த அரசு உரக்க அறிவித்த கொள்கை. தடியையும் குண்டையும் வாங்கியவர்களே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், இனி என்ன என்றுதான் மட்டாஞ்சேரியும் நினைத்திருக்கும்.

1958 ஜூலை 26, கொல்லம் அருகே சந்தனத்தோப்பு. முந்திரித் தொழிலாளர் போராட்டத்தில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு கல்விச் சட்டத்தையும் நிலச் சீர்திருத்தத்தையும் எதிர்த்துக் கத்தோலிக்க சபை, நாயர் சேவை சங்கம், காங்கிரஸ் எல்லாம் ஒரே அணியில் திரண்டன. மன்னத்து பத்மநாபன் தலைமையில் 'விமோசன சமரம்' என்ற விடுதலைப் போராட்டம் வெடித்தது. ஜூன் 13 அன்று கொச்சிக்குப் பக்கத்திலுள்ள அங்கமாலியில் சூடு, 7 பேர் பலி. ஜூலை 3 அன்று திருவனந்தபுரம் செறியதுறையில் ஃப்ளோரி என்ற கர்ப்பிணி மீனவப் பெண் குண்டடிபட்டு இறந்தார். காங்கிரஸ், சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் என்று ஆறே ஆண்டுகளில் மூன்று நிறக் கொடிகள் பறந்தன. துப்பாக்கி மட்டும் மாறவில்லை.

அங்கமாலிக்காக அந்த அரசைத் தண்டிக்க வாக்காளர்களால் முடிந்திருக்கும். தேர்தல் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. 1959 ஜூலை 31 அன்று அரசியலமைப்பின் 356-வது பிரிவின்கீழ் டெல்லி ஆட்சியைக் கலைத்தது. பிரதமர் நேரு, காங்கிரஸ் தலைவர் இந்திரா காந்தி. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இழக்காத ஓர் அரசு, ஒரே கையெழுத்தில் போயிற்று. 1976-இலும் 1991-இலும் அதே பிரிவு சென்னைக் கோட்டையின் கதவைத் தட்டிய கதை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல.

1960 பிப்ரவரியில் மறுபடியும் தேர்தல். மூன்றாண்டுக்கு முன் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்த மாநிலத்தில் இம்முறை 85 விழுக்காட்டுக்கும் மேல் வந்து குவிந்தார்கள். கம்யூனிஸ்டுகளின் வாக்கு 35 விழுக்காட்டிலிருந்து 39-ஆக ஏறியது. கூடுதல் தொகுதிகளில் நின்றதும் அதற்கு ஒரு காரணம். இடங்களோ 60-இலிருந்து 30-க்கும் கீழே சரிந்தன. எதிரே எல்லாரும் கைகோத்து நின்றால் ஒரு வாக்கு அதிகம் பெற்றவரே வெல்லும் முறை செய்யும் வித்தை அது. முதல்வர் நாற்காலியில் மீண்டும் வந்து அமர்ந்தவர் யார் தெரியுமா? பட்டம் தாணுப்பிள்ளை. மார்த்தாண்டத்துக்காரர்கள் அதற்குள் தமிழ்நாட்டுக்காரர்களாகியிருந்தார்கள். அவருக்கு எதிராகப் போட அவர்கள் கையில் கேரளத்து வாக்குச்சீட்டு இல்லை. 1962-இல் அவரைப் பஞ்சாப் ஆளுநராக்கி அனுப்பினார்கள்.

அதற்குப்பின் நடந்ததுதான் விசித்திரம். 1965 மார்ச்சில் 133 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. இரண்டாக உடைந்த கம்யூனிஸ்ட் கட்சியில் மார்க்சிஸ்டுகளுக்கு 40. வென்றவர்களில் பலர் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் சிறையில் இருந்தார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பெரும்பான்மையை அவையில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பொம்மை வழக்கில் சொல்ல இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன. ஆளுநர் மாளிகையிலேயே கூட்டல் கழித்தல் முடிந்தது. ஒரு நாள்கூடக் கூடாமலே அந்தச் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. தோப்பும்படிக்காரர்கள் உட்பட அத்தனை பேரும் வரிசையில் நின்று அனுப்பிய 133 பேரும் அந்த அவையில் உட்காராமலே வீட்டுக்குப் போனார்கள். சிறையில் இருந்தவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.