ஸ்டிக்கர் சொல்லாத வரலாறு

பழைய கிரிக்கெட் மட்டைகளைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்களுக்குத் தீராத கவலை ஒன்று உண்டு. ஆடாமல் அலமாரியில் வைத்தால் அது மரக்கட்டை. ஆடினாலோ ஸ்டிக்கர் உரிந்துவிடும். ஸ்டிக்கர் போனால் மட்டையின் விலையும் வரலாறும் சேர்ந்தே போய்விடும் என்கிறார்கள். விலை போவது உண்மைதான். வரலாறு போகிறதா?

ஸ்டிக்கரைக் காப்பாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஆளி விதை எண்ணெய் அதன்மேல் படக் கூடாது; பட்டால் பசை இளகிவிடும். முகப்பில் ஒட்டும் கண்ணாடித் தாளையும் ஸ்டிக்கர்மேல் ஒட்டாதீர்கள். தாளை மாற்ற உரிக்கும்போது ஸ்டிக்கரும் கூடவே வந்துவிடும். பந்து படும் இடத்துக்கு மட்டும் ஒட்டினால் போதும். பின்பக்க ஸ்டிக்கருக்குப் பந்தைவிடக் கிட் பைதான் எதிரி. பைக்குள் உரசாமலிருக்க ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். புதுப் பந்தைத் தவிர்த்து, ஆடித் தேய்ந்த பந்தில் ஆடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றும் அந்தத் தாள் யாருடைய வரலாற்றைச் சொல்கிறது?

ஆரம்பத்தில் கம்பெனியின் பெயரை மரத்திலேயே முத்திரையாகப் பதித்தார்கள். வண்ண ஸ்டிக்கர் பிற்பாடு வந்தது. தொலைக்காட்சி பரவியதும் மட்டையே விளம்பரப் பலகை ஆனது. 1996 உலகக் கோப்பையில் சச்சின் டெண்டுல்கர் ஸ்டிக்கர் இல்லாத மட்டையோடு ஆடி 523 ரன் எடுத்தார். பிறகு அவர் மட்டையில் நம் சென்னையின் டயர் கம்பெனி பெயர் ஏறியது. டயர் கம்பெனியா வில்லோ மரத்தைச் செதுக்கியது? அதை எவரும் கேட்கவில்லை.

இந்திய மட்டைகளின் பூர்வீகம் சியால்கோட். பிரிட்டிஷ் ஆட்சியில் பேரரசு முழுவதற்கும் விளையாட்டுப் பொருள் அனுப்பிய ஊர். 1947 பிரிவினையில் அது பாகிஸ்தானுக்குப் போக, இந்து, சீக்கிய முதலாளிகள் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்தார்கள். 1931-இல் அங்கே தொடங்கி மீரட்டில் வேர்விட்ட எஸ்.ஜி. அப்படி வந்ததுதான். முதலாளிகள் எல்லாவற்றையும் இழந்து மீண்டும் எழுந்த கதையைப் பெருமையோடு சொல்வார்கள். சொல்லட்டும், அதுவும் உண்மைதான்.

ஆனால் அதே ஊரிலிருந்து வேறு சிலரும் வந்தார்கள். தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட மேக் சாதியினர். பரம்பரைத் தொழில் நெசவு. அகதிகளாக வந்து ஜலந்தரின் பார்கவ் கேம்பில் குடியேறிய இவர்களில் பலர் விளையாட்டுப் பொருள் பட்டறைகளில் கூலிகளானார்கள். அந்தத் தொழில் ஜலந்தரில் நிலைத்ததில் இவர்கள் கைகளுக்கும் பங்குண்டு. எந்த ஸ்டிக்கரிலாவது அந்தச் சுவடு இருக்கிறதா? அந்த மட்டையில் மோதும் பந்தின் கதையும் இதுதான். மீரட்டில் தோலை வெட்டித் தைப்பவர்களில் பெரும்பாலோர் ஜாதவ்கள். தோலைத் தொட்டால் தீட்டு, தோல் பந்தைத் தொட்டால் வீரம்!

மட்டை யார் கையில் இருக்கலாம் என்பதையும் சாதிதான் தீர்மானித்தது. சமார் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலூ புனாவில் ஆங்கிலேயர்களுக்கு வலைப்பயிற்சியில் மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டை பிடிக்க அவரை விடவில்லை. 1911-இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்தவர் அவர். இன்று பழைய மட்டைகளில் கையெழுத்து தேடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ஸ்டிக்கரைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்லவில்லை. அதுவும் ஒரு ஆவணம்தான், முதலாளியின் ஆவணம். இன்னொரு ஆவணமும் மட்டையிலேயே இருக்கலாம். செதுக்கியவர்கள் எடையையும் தங்கள் அடையாளக் குறியையும் பிடியிலோ தோள்பட்டையிலோ பென்சிலால் எழுதிவைப்பதுண்டு. கிரிப்பும் ஸ்டிக்கரும் அதை மூடிவிடும். பழைய கிரிப்பை மாற்றும்போது உள்ளே பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துவையுங்கள். மட்டையை விற்கும்போது ஸ்டிக்கரின் படத்தோடு அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.