எரிசக்தி மேலாளர் பதவி பிறந்த கதை

சிக்கனம் என்றதும் நம் நினைவுக்கு வருவது வீட்டு விளக்கை அணைப்பதுதான். தொழிற்சாலைகளில் அது ஒரு பதவியாகவும் சட்டமாகவும் உருவெடுத்த வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் நிலக்கரித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கொதிகலன்களிலும் உலைகளிலும் வீணாகும் வெப்பத்தைக் குறைக்க 1951-இல் அந்நாடு வெப்ப மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. பின்னர், 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி மூண்டது. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. தன் எரிசக்தித் தேவையில் முக்கால் பங்குக்கு எண்ணெயையே நம்பியிருந்த ஜப்பான் ஆடிப்போனது. இரண்டாம் நெருக்கடி வந்த 1979-இல் பழைய சட்டத்தின் இடத்தில் எரிசக்திச் சிக்கனச் சட்டம் வந்தது. வெப்பத்தோடு மின்சாரமும் அதில் சேர்ந்தது. எரிசக்தியை மிகுதியாகச் செலவிடும் ஆலைகள் தகுதி பெற்ற எரிசக்தி மேலாளரை நியமித்தே ஆக வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலியில் இன்னொருவர் அமர வேண்டும். சட்டத்தின் உயிர்நாடி இதுவே என்பது என் கருத்து.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் டவ் கெமிக்கல் ஆலையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே எரிசக்திப் பொறுப்பில் இருந்த கென் நெல்சன், 1982-இல் ஊழியர்களிடையே ஒரு போட்டியைத் தொடங்கினார். எரிசக்தியை மிச்சப்படுத்தும் யோசனை எவருக்கு இருந்தாலும் முன்வைக்கலாம். முதலாண்டில் 27 திட்டங்கள் தேர்வாயின. அவற்றில் போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 173 விழுக்காடு பலன் கிடைத்தது. எளிய வழிகளெல்லாம் இத்தோடு தீர்ந்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். மறு ஆண்டு 32 திட்டங்கள், 340 விழுக்காடு! ஆண்டுதோறும் புதிய யோசனைகள் வந்துகொண்டே இருந்தன. 1993-இல் நெல்சன் ஓய்வு பெற்றார். போட்டியும் நின்றுபோனது. ஆலையில் ஆதாயத்துக்குக் குறைவில்லை, யோசனைக்கும் குறைவில்லை. அதை ஆண்டுதோறும் நடத்தியாக வேண்டிய கடமை மட்டும் வேறெவருக்கும் இல்லாமற் போயிற்று.

2011-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 50001 அனைத்துலகத் தரநிலை இந்தக் கடமையை நிறுவனத்தின் தலைமை மீதே சுமத்துகிறது. தொடக்கத்தில் எவ்வளவு செலவானது என்று அளந்து பதிவு செய்தல், இலக்கு வைத்தல், மீண்டும் அளத்தல், தலைமையே ஆராய்தல் என்னும் சுழற்சி அது. ஏட்டில் எழுதிய அந்த முதல் அளவு இல்லாவிட்டால், மிச்சமானது எவ்வளவு என்று பிறகு வருபவர் எப்படி அறிவார்?

நம் மலேசியாவில் 2008-ஆம் ஆண்டு விதிமுறைகள், தொடர்ந்து ஆறு மாதங்களில் 30 லட்சம் கிலோவாட் மணி மின்சாரத்தை எட்டும் நிறுவனங்கள் மின்சக்தி மேலாளரை நியமிக்க வேண்டும் என்றன. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம் வெப்ப ஆற்றலையும் சேர்த்துக்கொண்டு, ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் என்று வரம்பு வைத்துள்ளது. எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். ஒரு கிலோவாட் மணி 3.6 மெகாஜூல், பெருக்கிப் பாருங்கள், பழைய வரம்பேதான்.