ஹார்லம் நடைபாதைக் காற்றும் சிற்றாய்வு நிதியும்

நகர்ப்புறக் குடியிருப்புகளில் காற்றும் நீரும் மண்ணும் கெடுவதால் உடல்நலத்துக்கு நேரும் தீங்குகளைப் பற்றிய சிற்றாய்வுகளுக்கு வழங்கப்படும் பொருளை ‘விதைப் பணம்’ என்று பெயரிட்டு, அவ்வாய்விலிருந்து பின்னாளில் முளைத்த பேராய்வின் உயரத்தைக் கொண்டே அப்பொருளின் பிரயோஜனத்தை அளப்பது, இத்துறையில் எழுதுவோர் பலரிடம் ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. இச்சித்தாந்தத்தார் தம் கட்சிக்கு முதற்சான்றாக எடுத்துக்காட்டுவது, நியூயார்க் நகரத்தின் ஹார்லம் பகுதியில் 1996ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைபெற்ற நடைபாதைக் காற்று ஆய்வையாகும். அச்சான்றை நெருங்கிப் பரிசீலித்தால் அது அவர்கள் கட்சிக்கு அரண் செய்யவில்லை என்பதும், சிறுநிதிக்கு முற்றிலும் வேறான ஒரு நியாயத்தை அது தருகிறது என்பதும் புலனாகும் என எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வுரை வெளிவந்தது 2000ஆம் ஆண்டில். அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிலையம் அந்நாளில் வெளியிட்டுவந்த ‘என்விரான்மென்டல் ஹெல்த் பெர்ஸ்பெக்டிவ்ஸ்’ என்னும் இதழில் அது இடம்பெற்றது. ஆசிரியர் ஐவர்; அப்போது கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த பாட்ரிக் கின்னியின் பெயர் முதலிலும், ஹார்லம் மக்களின் ஸ்தாபனமாகிய ‘வீ ஆக்ட்’டின் பெகி ஷெப்பர்டின் பெயர் கடைசியிலும் நிற்கின்றன. ஹட்சன் ஆற்றங்கரையில் 1986இல் இயங்கத் தொடங்கிய கழிவுநீர் நிலையத்தின் நாற்றத்தை எதிர்த்து 1988இல் உருவானது அந்த ஸ்தாபனம். அந்நாற்றம் பற்றி அது தொடுத்த வழக்கு 1993இல் 11 லட்சம் டாலர் நிதியோடு கூடிய ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. ஆகவே, அது பல்கலைக்கழகத்தின் வாயிலில் கையேந்தி நிற்கவில்லை. தன் கேள்வியைத் தானே சுமந்து சென்றது.

ஐந்து வேலைநாட்களில், காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை, நான்கு தெருமுனைகளில், ஆய்வுப் பணியாளர் தம் உடலில் தாங்கிய சிறு உபகரணங்களால் நடைபாதைக் காற்றை வடிதாளில் ஈர்த்துச் சேகரித்தனர். அவ்வடிதாள்களில் இரண்டு பொருள்கள் அளக்கப்பட்டன: ஒன்று, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளின் மொத்த எடை; மற்றொன்று, டீசல் புகையின் அடையாளமாகக் கொள்ளத்தகும் தனிமக் கரி. ஐந்து நாட்களில் இரண்டு நாட்கள், அம்முனைகளைக் கடந்த லாரிகளும் பஸ்களும் கார்களும் பாதசாரிகளும் எண்ணப்பட்டனர். நுண்துகள் முனைக்கு முனை கன மீட்டருக்கு ஏறத்தாழ 37 முதல் 47 மைக்ரோகிராம் வரை இருந்தது. தனிமக் கரியோ 1.5 முதல் 6 வரை, அதாவது நான்கு மடங்கு வேறுபட்டது. அவ்வேறுபாடு பஸ், லாரி எண்ணிக்கையோடும், ஓரிடத்தில் பஸ் டெப்போ ஒன்றின் அண்மையோடும் இணைந்து சென்றது.

இவ்விரண்டு வரிசை எண்களை எவ்வாறு படிப்பது என்பதிலேயே விவாதம் முழுதும் அடங்கியிருக்கிறது. விதைப்பணக் கட்சியார் முதல் வரிசையைக் கண்டு, நான்கு முனைகளிலும் நுண்துகள் பெரிதும் ஒத்திருத்தலின், நகரின் பொதுமானி ஒன்று காட்டக்கூடியதற்கு மேல் இவ்வாய்வு எதையும் கண்டதில்லை என்று தள்ளுவர். இரண்டாம் வரிசையைக் கண்டு, இது சுவையான குறிப்பேயாயினும், நான்கு முனைகளும் ஐந்து நாட்களும் கொண்டு எதையும் நிறுவ இயலாதாதலின், பெரியதோர் ஆய்வுக்கு இது தூண்டுகோலாயிற்று என்ற அளவில் அமைவர். முதல் வரிசை ‘ஒன்றுமில்லை’, இரண்டாம் வரிசை ‘இன்னும் இல்லை’ என்பதே அவர்கள் கணக்கு.

என் எண்ணத்தில், இவ்விரு வரிசைகளும் ஒன்றையொன்று விளக்குவன. பிரித்துப் படித்தால் இரண்டும் பொருளிழக்கும். அதே வடிதாள், அதே மணி, அதே மூச்சுக்காற்று. ஒரு பொருள் நான்கு முனைகளிலும் ஏறக்குறைய நிரவி நிற்கிறது, மற்றொன்று தெருவுக்குத் தெரு துள்ளுகிறது. நிரவி நிற்பது தொலைவிலிருந்து, பல மாநிலங்களைக் கடந்தும், காற்றோடு வருவது. அதன் காரணத்தை ஒரு தெருமுனையில் நின்று தேடுவது வீண். துள்ளுவதோ அருகே பிறந்து அருகே மடிவது; அதைக் காண்பதற்குத் தெருமுனையைத் தவிர வேறு இடமில்லை. அரசின் மானிகள் பெரும்பாலும் கட்டிடக் கூரைகளின் மேல் அமர்ந்து நகரத்தின் சராசரியைச் சொல்லுகின்றன. அவற்றைப் பத்து மடங்கு பெருக்கினும், கூரையில் நிற்குமளவும் அவை இந்த நான்கு மடங்கைக் காணமாட்டா. பெரிய ஆய்வு ஒன்று நூறு தெருக்களைச் சேர்த்துச் சராசரி கண்டால் அவ்வேறுபாடு அச்சராசரிக்குள் கரைந்தே போகும். ஆகவே, எது சிற்றாய்வுக்கு உரியது, எது பேராய்வுக்கு உரியது என்ற எல்லைக்கோட்டை ஐந்தே நாட்களில் தன் வடிதாளின் மேலேயே வரைந்து காட்டிய ஆய்வு இது. பெரியதாக வளரவேண்டிய குழந்தையாக அதைக் காண்பது, அது கண்டதைக் காணாதிருப்பதாகும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அதைச் சற்றுத் தயக்கத்தோடே சொல்லுகிறேன். இரண்டு வரிசைகளின் மேலெல்லையும் கீழெல்லையும் ஒரே முனைகளுக்கு உரியன என்று கொண்டால், நுண்துகளில் காணும் 10 மைக்ரோகிராம் வேறுபாட்டில் 4.5 மைக்ரோகிராம் தனிமக் கரியினாலேயே ஆனது என்றாகும். அங்ஙனமாயின், முதல் வரிசையில் ‘ஒன்றுமில்லை’ எனப்பட்ட சிறு ஏற்றத்தாழ்விலும் ஏறக்குறையப் பாதி, டீசல் வண்டிகளின் கையொப்பமாகும். எல்லைகள் ஒரே முனைகளுக்கு உரியன என்பது ஓர் அனுமானமே. அதன்மேல் என் வாதத்தின் முழுச்சுமையையும் ஏற்றவில்லை. ஆயினும், முதல் வரிசையை வெறுமை எனத் தள்ளுவோர் இந்தக் கழித்தற் கணக்கைக்கூடப் போட்டுப் பார்த்தாரில்லை என்பது வியப்பளிக்கிறது.

காலக்கிரமமும் விதைக் கதைக்கு இணங்கவில்லை. காற்று சேகரிக்கப்பட்டது 1996இல். மன்ஹாட்டனின் டீசல் பஸ் டெப்போக்களில் பெரும்பாலானவை தம் பகுதியிலேயே குவிந்திருப்பதை எதிர்த்து, பஸ் நிறுத்தங்களில் விளம்பரம் ஒட்டி, ஹார்லம் மக்கள் கிளர்ச்சி தொடங்கியது 1997இல். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் சுற்றுச்சூழல் சுகாதாரத்துக்கான பெரிய ஆய்வு மையம் அரசின் நிதியால் அமைந்தது 1998இல். நம் சிற்றாய்வு அச்சேறியதோ அதற்கும் இரண்டாண்டு பின்னர், 2000இல். விதையை நட்டு மரத்தைப் பெற்றார்கள் என்னும் கதைக்கு, மரம் நின்ற பிறகு விதை பிரசுரமான இந்த வரலாறு சங்கடமானது. அச்சேறுமுன்பே முடிவுகள் பலர் காதுக்கு எட்டியிருக்கும் என்பார்க்கு நான் மறுப்புச் சொல்லேன். எட்டியது, டெப்போவின் மதிலுக்கு அப்பால் குடியிருந்தவர்களுக்கும்தானே? விதைநெல்லை எவரும் உலையிலிடுவதில்லை. ஹார்லம் மக்களோ அந்நெல்லை அடுத்த ஆண்டே குத்திச் சமைத்துவிட்டார்கள்.

தலைப்பில் உள்ள ஒரு சொல்லும் மயக்கத்துக்கு இடமாயிற்று. 2000ஆம் ஆண்டு ஆய்வுரை தன்னைச் சமுதாயம் சார்ந்த ‘முன்னோட்ட ஆய்வு’ என்று தலைப்பிலேயே சொல்லிக்கொள்கிறது. அதே குழுவினர் சிலர் 1999இல் வேறோர் இதழில், ஹார்லம் பள்ளி மாணவரின் சிறுநீரில் டீசல் புகையின் தடயத்தைத் தேடி, பங்குகொண்டோரில் முக்கால் பங்கினரிடம் அதைக் கண்டறிந்த கட்டுரைக்கு, சமுதாயத்தால் ‘இயக்கப்பட்ட ஆய்வு’ என்று பெயரிட்டனர். ஓராண்டு இடைவெளியில் இரண்டு பெயர்கள். ‘இயக்கப்பட்ட’ என்பது கேள்வி யாருடையது என்பதைச் சொல்லுகிறது. ‘முன்னோட்டம்’ என்பது நிதி வழங்குவோரின் அகராதியிலிருந்து வந்த சொல், பின்னால் ஓர் ஓட்டம் உண்டு என்ற வாக்குறுதியைத் தன்னுள் வைத்திருப்பது. நிதி பெறுவோர் நிதி தருவோரின் பாஷையைப் பேசுவதில் வியப்பில்லை. அப்பாஷையையே பிற்கால ஆராய்ச்சியாளர் அவ்வாய்வின் இயல்பு என்று மயங்கியதுதான் பிழை.

வண்டிகளை இரண்டு நாட்கள் மட்டும் எண்ணியது குறையென்று சிலர் காட்டுவர். குறைதான், ஆனால் அது எவ்வகைக் குறை என்பதைத் தெருவில் நின்றவரே அறிவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பஸ் டெப்போவின் வாயிலில் கோடிட்ட நோட்டுடன் நின்று, நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக நானே எண்ணிப் பார்த்தேன். முதல் கால்மணி நேரம் விளையாட்டாக இருந்தது. பிறகு, உள்ளே திரும்பும் பஸ் ஒன்று பின்னால் வந்த லாரியை மறைத்துவிட்டது. வெளியே வந்த பஸ் முன்னர் எண்ணியதேயா என்ற சந்தேகம் எழுந்தது. கண் எரிந்து ஒரு நிமிஷம் தலை தாழ்த்தியதில் எத்தனை போயின என்று தெரியவில்லை. ஒரு மணி முடியுமுன்பே, அருகே இன்னொருவர் நின்று எண்ணாவிடில் என் கணக்கு கணக்கே அன்று என்று ஒப்புக்கொண்டேன். நான்கு முனைகளில் எட்டு மணி நேரம் எண்ணுவது எத்தனை பேரின் உழைப்பு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மானியம் வழங்குவோர் வடிதாளுக்கும் சோதனைச்சாலைக்கும் பணம் தருவர். எண்ணுவோர் கூலியைக் கண்டால், அது தொண்டர் செய்யவேண்டிய வேலையென்று அடித்துவிடுவர். வடிதாளில் கண்ட கரிக்குப் பொருள் தந்ததே அந்த எண்ணிக்கைதான் என்பதை நினைந்தால், இச்சிக்கனம் எவ்வளவு பேதைமை என்பது விளங்கும்.

பிற ஆட்சேபங்களில் நீண்டு நிற்க வேண்டுவதில்லை. ஐந்து நாட்கள் போதா என்பர். நான்கு முனைகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிடுவதற்கு, நாளின் காற்றும் மழையும் எல்லாவற்றுக்கும் பொதுவாதலின், அவை போதும். கோடைக்காலம் மட்டும் அளக்கப்பட்டது என்பர். டெப்போ பனிக்காலத்தில் இடம் பெயர்வதில்லை. நோயை அளக்கவில்லை என்பர். டீசல் புகை நுரையீரலுக்குத் தீது என்பதை ஒவ்வொரு பேட்டையும் தன் செலவில் மறுபடி நிரூபிக்க வேண்டும் என்று கேட்பது, நிரூபணத்தின் மேலுள்ள பற்றினால் என்று நான் நம்பவில்லை. புகார் கூறுவோரே அளந்தால் நடுநிலை கெடும் என்பது மட்டும் சற்றுக் கவனிக்கத்தக்கது. எடை கண்டதும் கரி கண்டதும் சோதனைச்சாலையாதலின், அந்த ஐயமும் இடம் தேர்ந்த அளவிலேயே நிற்கிறது. இடத்தை அறிந்தவர் தேர்ந்தது இந்த ஆய்வின் பலம்.

இதே நியாயம் தமிழகத்திலும் ஒருமுறை அரங்கேறியது. 1995இல் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையருகே வாழ்ந்தோருக்காக உருவான வாளி முறை, 2004இல் கடலூர் சிப்காட் வட்டாரத்துக்கு வந்தது. அங்கே ஊர்மக்களே நாற்றம் எழும் வேளையில் காற்றைப் பையில் பிடித்து, அமெரிக்கச் சோதனைச்சாலைக்கு அனுப்பினர். வாளி எந்தக் கடையிலும் கிடைக்கும் வாளிதான். செலவெல்லாம் பையைச் சோதிப்பதில். சிறுநிதி எங்கே வேண்டப்படுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான கணக்கு வேண்டா.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1994இல் தொடங்கிய சுற்றுச்சூழல் நீதிச் சிறுமானியங்கள் முதலாகப் பல நிதிகள் இத்துறையில் தோன்றியுள்ளன. அவற்றை வழங்குவோர், ‘இவ்வாய்வு எதிர்காலத்தில் எவ்வாறு விரிவடையும்’ என்று கேட்பதை விட்டு, ‘நீங்கள் அளக்கும் பொருள் உங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையே மாறுமா, மாறினால் அதை மாற்றும் அதிகாரம் யார் கையில்’ என்று கேட்பார்களானால், விண்ணப்பங்களில் பாதி தாமே விலகும், எஞ்சியவை தாமே தெளியும். வெயிலில் தொலைதூரம் பரந்து உருவாகும் ஓசோனை ஒரு பேட்டையின் சிறுநிதியால் அளப்பதை நான் ஆதரியேன். பழைய வீட்டுச் சுவரின் ஈயப் பூச்சை அளப்பதையோ முதலிடத்தில் வைப்பேன். நியூயார்க் நகரம் 1960இலும் அமெரிக்க நாடு முழுதும் 1978இலும் வீடுகளில் அதைத் தடுத்தபின்பும், தடைக்கு முன் பூசிய வீடும் பின் கட்டிய வீடும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன, எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பதைச் சராசரி எதுவும் சொல்வதில்லை.