நகரும் கட்டைகள் யாருக்குச் சொந்தம்?

கம்ப்யூட்டரில் விளையாட்டு எழுதக் கற்றுக்கொள்ளும் பலரும் முதலில் கை வைப்பது கட்டம் நகர்த்தும் புதிரில்தான். நாலுக்கு நாலு கட்டம், அதில் எண் போட்ட கட்டைகள். குதிக்கும் கதாநாயகன் வேண்டாம், துரத்தும் எதிரி வேண்டாம். பதினாறு எண்களை நினைவில் வைக்க ஒரு அர்ரே, அம்புக்குறி விசைகளைக் கவனிக்கச் சில வரிகள், ஜெயித்தாயிற்றா என்று பார்க்க ஒரு சோதனை. அவ்வளவுதான். இந்தச் சின்ன விளையாட்டுக்குள் "இது யாருடையது?" என்ற சண்டை 140 வருடங்களுக்கு மேலாக ஒளிந்திருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா?

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா என்ற சிற்றூரில் நோயஸ் சாப்மன் என்று ஒரு போஸ்ட் மாஸ்டர் இருந்தார். 1874 வாக்கில், 16 எண் கட்டைகளை வைத்து எந்த வரிசையைக் கூட்டினாலும் 34 வருமாறு அடுக்கும் ஒரு புதிரை நண்பர்களுக்குக் காட்டியிருக்கிறார். அதிலிருந்து ஒரு கட்டையை எடுத்துவிட்டு மற்றவற்றை நகர்த்தி வரிசைப்படுத்தும் வடிவம் பிறந்தது. அது கை மாறி ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி மாணவர்களிடம் போய்ச் சேர, அவர்கள் அதைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். 1879 டிசம்பரில் பாஸ்டனில் ஒரு மரவேலைக்காரர் கடைச்சரக்காகவே ஆக்கிவிட்டார். 1880இல் அமெரிக்கா முழுக்கப் பைத்தியம் பிடித்து, சில மாதங்களில் ஐரோப்பாவுக்கும் பரவியது.

சாப்மன் 1880 பிப்ரவரியில்தான் காப்புரிமை கேட்டார். கிடைக்கவில்லை. 1878இலேயே வேறொருவர் இதே மாதிரியான ஒரு கட்டைப் புதிருக்கு உரிமை வாங்கியிருந்தது காரணமாக இருக்கலாம். இதைவிடக் கொடுமை பின்னால் வந்தது. சாம் லாயிட் என்ற புகழ்பெற்ற புதிர் நிபுணர், 1891இல் தொடங்கி 1911இல் சாகும்வரை "இதைக் கண்டுபிடித்தது நானே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உலகமும் நம்பியது! ஸ்லோக்கம், சோனவெல்ட் இருவரும் 2006இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி அந்தக் கதையை உடைத்த பிறகுதான் போஸ்ட் மாஸ்டரின் பெயர் பரவலாக வெளியே வந்தது.

புதிரின் பெரிய வசீகரம் 14ஐயும் 15ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்த நிலை. மண்டையை உடைத்தும் யாராலும் தீர்க்க முடியவில்லை. முடியவே முடியாது என்று ஜான்சன், ஸ்டோரி என்ற இரு கணிதவியலாளர்கள் அப்போதே நிரூபித்துவிட்டார்கள். காரணம் எளிது. காலி இடம் ஒவ்வொரு நகர்விலும் ஒரு கட்டையோடு இடம் மாறுகிறது. அது புறப்பட்ட மூலைக்கே திரும்ப வேண்டுமென்றால் நகர்வுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். ஆனால் 14, 15 மட்டும் மாறுவது ஒரே ஒரு மாற்றம், அதாவது ஒற்றைப்படை. கணக்கு ஒத்துவராது.

புதிதாக நிரல் எழுதுகிறவர் விழும் பள்ளமும் இதுதான். எண்களைக் கண்டபடி கலைத்துப் போட்டால், சராசரியாக இரண்டுக்கு ஒரு ஆட்டம் தீர்க்கவே முடியாத ஆட்டமாக இருக்கும். தீர்ந்த நிலையிலிருந்து தொடங்கி, விதிப்படியே நூறு இருநூறு முறை நகர்த்திக் கலைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்படி அடையக்கூடிய நிலைகளே பத்து லட்சம் கோடிக்கு மேல். எவ்வளவு மோசமான நிலையானாலும் 80 நகர்வுகளில் தீர்த்துவிடலாம் என்பது கூடுதல் ஆச்சரியம்.

மரக்கட்டை கம்ப்யூட்டருக்குள் போனபோதும் அது பாடமாகவே போனது. ஆப்பிளின் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட், 1984இல் வெளிவந்த மேக்கின்டாஷுக்காக இதே புதிரை மற்ற நிரலாளர்களுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று பாஸ்கலில் எழுதினார். ஆறாயிரம் பைட்டுக்கு மேல் இடம் பிடிக்கிறது, வேண்டாம் என்றார்கள். மனுஷன் விடவில்லை. அசெம்பிளியில் திரும்ப எழுதிச் சுமார் 600 பைட்டில் அடக்கிக்கொண்டு வந்து நின்றார். புதிர் உள்ளே போனது!

சரி, நம் காலத்துக் கதைக்கு வருவோம்.

2014 பிப்ரவரி 6. ஆஷர் வால்மர், கிரெக் வோல்வெண்ட் இருவரும் ஐபோனுக்கு "த்ரீஸ்" என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதே நாலுக்கு நாலு கட்டம். 1ம் 2ம் சேர்ந்தால் 3. அதன்பின் ஒரே எண்கள் சேர்ந்து 6, 12, 24 என்று வளரும். பார்த்தால் ஒரு நாள் வேலை போலத் தெரியும். பிடித்ததோ 14 மாதம். சுஷி வரைந்து பார்த்தார்கள், ராணுவப் பட்டைகள், அணுக்கள் என்று என்னென்னவோ முயன்றார்கள். கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் எண்களுக்கே திரும்பி வந்தார்கள்.

மூன்று வாரத்தில் "1024" என்ற நகல் வந்தது. அதை ஒட்டி ஒரு "2048". மார்ச்சில், கேப்ரியேல் சிருல்லி என்ற 19 வயது இத்தாலிய இளைஞர், தன்னால் முதலிலிருந்து ஒரு விளையாட்டை எழுத முடிகிறதா என்று பார்க்க ஒரு வார இறுதியில் உட்கார்ந்து தன் 2048ஐ எழுதி இணையத்தில் போட்டார். ஒரு வாரத்துக்குள் 40 லட்சம் பேருக்கு மேல் வந்து ஆடினார்கள்.

இந்த நிரலிலும் கற்பவருக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஒரு வரிசையில் 2, 2, 4 இருக்கிறது, இடப்பக்கம் தள்ளுகிறோம். 2ம் 2ம் சேர்ந்து 4. அந்தப் புது 4 பக்கத்து 4ஐயும் விழுங்கி 8 ஆகலாமா? கூடாது. ஒரு தள்ளலில் ஒரு கட்டை ஒருமுறைதான் சேரலாம் என்பது விதி. சேர்ந்த கட்டைக்கு அடையாளம் வைக்க வேண்டும். எந்தச் சுவர்ப்பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் கணக்குப் பார்க்கவும் வேண்டும். இல்லாவிட்டால் 2, 2, 2 வலப்பக்கம் போகும்போது 2, 4 என்று வராமல் 4, 2 என்று வந்து நிற்கும்.

அந்தப் பக்கம் த்ரீஸ் செய்தவர்கள் நொந்துபோனார்கள். அதே மார்ச்சில், விளையாட்டு உருவான காலத்தில் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களை மொத்தமாக வெளியிட்டார்கள். மேலே, வலது என்று மாறி மாறித் தள்ளினாலே 2048இல் வெகுதூரம் போய்விடலாம், அப்படி ஆகாமல் இருக்கத்தான் இத்தனை மாதம் உழைத்தோம் என்பது அவர்கள் வாதம். மக்கள் த்ரீஸையே 2048இன் நகல் என்று சொல்ல ஆரம்பித்தபோது வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் சிருல்லியைத் திருடன் என்று சொல்லவும் நியாயமில்லை. தன் நிரலின் முகப்பிலேயே இது 1024இன் நகல், இன்னொரு 2048ஐ ஒட்டியது, அதுவும் நகல்தான் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். தான் கண்டுபிடிக்காத யோசனையில் காசு பார்க்க விருப்பமில்லை என்றும் சொன்னார். கற்பதற்காக ஒன்றைப் பார்த்துச் செய்வதில் தப்பே இல்லை. அதே நகலை ஆப் கடையில் வைத்து விளம்பரக் காசு அள்ளிய கும்பல்தான் வேறு ஜாதி.

த்ரீஸுக்கு அந்த ஆண்டு ஆப்பிளின் வடிவமைப்பு விருது கிடைத்தது. சிருல்லி தன் நிரலை எம்ஐடி உரிமத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்தார். எண்களுக்குப் பதிலாக நாய்ப்படம் போட்டது, ஃபிபனாச்சி எண்களில் ஓடுவது என்று அதிலிருந்து கிளைத்தவை ஏராளம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அந்த உரிமத்தின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: முதலில் எழுதியவரின் பெயர் இருக்கும் உரிமக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது.